மணி அடித்ததும் மைக் வந்துவிடும்
வாசகர் கேள்வி – பதில்: குத்துச்சண்டை வீரர்களின் பேச்சு

கேள்வி: நன்றாகப் பேசிய குத்துச்சண்டை வீரர் என்றாலே எல்லோரும் முகமது அலியைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிறவியிலேயே வந்ததா, பழகி வந்ததா?
– கல்லூரி மாணவர், ஆர்.கே. புரம், டெல்லி

துடுக்கு பிறவியில் வந்தது. மற்றதெல்லாம் பழகியது.

1961-ல் லாஸ் வேகாஸில் ‘கார்ஜியஸ் ஜார்ஜ்’ என்ற மல்யுத்த வீரரை அவர் சந்தித்தார். தன்னைத்தானே வானளாவப் புகழ்ந்துகொள்வதுதான் ஜார்ஜின் வழக்கம். அவர் தோற்பதைப் பார்க்கவே கூட்டம் அலைமோதும். டிக்கெட் வாங்குகிறவர் நம்மை விரும்பித்தான் வாங்க வேண்டும் என்பதில்லை என்று அப்போது 19 வயதுதான் ஆகியிருந்த அலி (அன்றைய பெயர் கேஷியஸ் கிளே) புரிந்துகொண்டார். அதன் பிறகு எதிராளி எந்த ரவுண்டில் விழுவார் என்று முன்கூட்டியே சொல்வதை ஒரு வித்தையாகவே வளர்த்தார்.

1962 நவம்பரில் ஆர்ச்சி மூர் நான்காவது ரவுண்டில் விழுவார் என்றார். ‘மூர்’, ‘ஃபோர்’ இரண்டும் இயைபு. எதுகை மோனையில் வளர்ந்த நமக்கு இது சொல்லாமலே விளங்கும். இயைபோடு வந்த வரி காதில் விழுந்தால் வாயிலும் நிற்கும், மறுநாள் பத்திரிகைத் தலைப்பிலும் ஏறும். மூர் நான்காவது ரவுண்டில்தான் முடிந்தார். 1963 ஜூனில் லண்டனில் ஹென்றி கூப்பருக்கு ஐந்தாவது ரவுண்டு என்றார். நான்காவதில் கூப்பரின் இடது ஹூக்கில் (கையை வளைத்து விடும் குத்து) தானே தரையில் உட்கார்ந்துவிட்டு, சொன்னபடி ஐந்தாவதில் முடித்தார். எப்போதும் பலித்துவிடவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் டக் ஜோன்ஸுக்கு முதலில் ஆறு என்று சொல்லி, பிறகு நான்கு என்று மாற்றினார். ஆட்டமோ பத்து ரவுண்டும் போய்ப் புள்ளிக் கணக்கில்தான் முடிந்தது.

பேச்சாளராக அவர் முழுமை அடைந்தது ரிங்குக்கு வெளியே. 1967-ல் ராணுவத்தில் சேர மறுத்ததால் உலகச் சாம்பியன் பட்டமும் சண்டையிடும் உரிமமும் பறிபோயின. 1970 அக்டோபர் வரை சண்டையில்லை. அந்த மூன்றரை ஆண்டுகளில் கல்லூரி கல்லூரியாகப் போய் உரையாற்றிப் பிழைத்தார். எண்ணங்களை முதலில் தாளில் எழுதுவார். அதைச் சிறு அட்டைகளில் படியெடுப்பார். கண்ணாடி முன்னால் நின்று, மனைவியைக் கேட்க வைத்துப் பேசிப் பார்ப்பார். சில நேரம் டேப்பில் பதிவும் செய்வார். ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) பழகுவதுபோலவேதான் பேச்சையும் பழகினார்.

1971-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் பேட்டியாளர் மைக்கேல் பார்க்கின்சனுக்குக் கொடுத்த பேட்டியை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். எல்லாமே ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று சிறுவயதில் அம்மாவிடம் கேட்டதாகத் தொடங்குகிறார். ஏசு வெள்ளை, தேவதைகள் வெள்ளை என்று ஒவ்வொன்றாக அடுக்கி, கேக் வகைகளின் பெயர் வரை வந்துவிடுகிறார். எல்லாம் வீட்டிலுள்ள பொருள்கள், குழந்தையின் கேள்வி. அரங்கம் சிரிக்கிறது, சிரித்து முடிக்கும்போது நிறவெறியின் கனம் நெஞ்சில் இறங்கியிருக்கிறது. ‘நிறவெறி’ என்ற சொல்லிலேயே தொடங்கியிருந்தால் அந்தச் சிரிப்பும் இல்லை, கனமும் இல்லை.

கேள்வி: அலியை விட்டுவிட்டு மற்றவர்களைச் சொல்லுங்களேன்.
– வாசகர், கரோல் பாக்

எங்கள் ஓட்டு ஜார்ஜ் ஃபோர்மேனுக்கு. 1974-ல் கின்ஷாசாவில் அலியிடம் உலகப் பட்டத்தை இழந்த காலத்தில் அவர் கடுகடுத்த முகக்காரர், கேள்விக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வராது. 1977-ல் ஜிம்மி யங்கிடம் தோற்ற இரவு சமயப் பற்று உண்டாகி, குத்துச்சண்டையை விட்டுப் போதகரானார். தெருமுனையில் நின்று போதித்தார். போகிறவரை நிற்க வைக்க வேண்டுமானால் முதல் வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும், முகத்தில் பகை இருக்கக் கூடாது. பத்தாண்டு அந்தப் பள்ளியில் படித்துவிட்டு 1987-ல் திரும்பியவர் வேறு மனிதர். 1994 நவம்பர் 5-ல், 45 வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி மறுபடி உலகச் சாம்பியனானார். பிறகு பல ஆண்டுகள் எச்.பி.ஓ. தொலைக்காட்சியின் வர்ணனை மேசையில் இருந்தார்.

மைக் டைசனைப் பழைய வீரர்களைப் பற்றிக் கேட்க வேண்டும். பயிற்சியாளர் கஸ் டமாட்டோவின் வீட்டில் இருந்தபோது பழைய சண்டைப் படச் சுருள்களை இரவிரவாகப் பார்த்தவர். யார் எந்தக் காலை முன்னே வைத்தார் என்பது வரை நினைவிலிருந்து வரும். அமெரிக்க வீரர்கள் பெர்னார்டு ஹாப்கின்ஸும் ஆண்ட்ரே வார்டும் எதிராளியின் சிறந்த குத்தை எப்படிச் செல்லாக்காசு ஆக்கினோம் என்று படிப்படியாகப் பிரித்துச் சொல்வதில் கெட்டிக்காரர்கள்.

ஜீன் டன்னி தனி ரகம். 1926, 1927 இரண்டு முறையும் ஜாக் டெம்ப்சியை வென்றவர், 1928-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியர் பற்றி உரையாற்றினார். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவின் நண்பர். ஆனாலும் ரசிகர்களின் மனம் தோற்ற டெம்ப்சியின் பக்கமே இருந்தது. படிப்பு இருந்தால் மட்டும் பேச்சு ஒட்டிவிடாது.

கேள்வி: என் மகள் மாநிலப் போட்டிகளில் ஆடுகிறாள். ஜெயித்ததும் நிருபர்கள் இந்தியில் கேட்கிறார்கள். “அச்சா லகா” என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. வீட்டில் தமிழில் மணிக்கணக்காகப் பேசுகிறவள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், ஜனக்புரி

முதலில் மொழி பயத்தை விடச் சொல்லுங்கள், அம்மா. கஜகஸ்தானின் கென்னடி கோலோவ்கின் அமெரிக்கா வந்தபோது அவருடைய ஆங்கிலம் கைவிரல்களில் எண்ணிவிடும் அளவுக்குத்தான். ‘பிக் டிராமா ஷோ’ என்று சிரித்த முகத்தோடு சொன்ன மூன்று சொல் ரசிகர்களின் வாயில் ஏறிவிட்டது. மணிப்பூரின் மேரி கோமுக்கும் இந்தி தாய்மொழியல்ல. 2018 நவம்பரில் இதே டெல்லியில், இந்திரா காந்தி விளையாட்டரங்கத்தில் ஆறாவது உலகப் பட்டம் வென்று, அழுதுகொண்டே அவர் பேசியதை இலக்கணம் பார்த்து யாரும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்த உடனே பேச்சு வராததற்கு மொழி மட்டும் காரணமல்ல, உடம்பும் ஒரு காரணம். மூன்று ரவுண்டு வாயால் மூச்சு வாங்கியதில் நாக்கு காய்ந்திருக்கும். பல் காப்பு அழுத்தியதில் உதடு மரத்திருக்கும். நுரையீரலில் காற்று இல்லாமல் வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியில் குரல் அமுங்கிவிடும். ஆகவே பல் காப்பைக் கழற்றியதும் ஒரு வாய்த் தண்ணீர் கொப்பளித்துத் துப்பட்டும். இரண்டு முறை நீளமாக மூச்சை வெளியே விடட்டும். உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது தானே நடக்கும். கேள்வியின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லித் தொடங்கட்டும்: “மூன்றாவது ரவுண்டா? அதில்…” இரண்டு நொடி கிடைக்கும், அது போதும். கேமராவைப் பார்க்க வேண்டாம், கேட்டவரின் முகத்தைப் பார்க்கட்டும். கிளவுஸ் மாட்டிய கையால் மைக்கைத் தொடக் கூடாது, சத்தம் உடையும்.

வீட்டுப் பயிற்சி ஒன்று உண்டு, செலவில்லாதது. ஏதாவது ஒரு ஆட்டத்தின் வீடியோவைச் சத்தமில்லாமல் போட்டு, ஒரு ரவுண்டு, அதாவது மூன்று நிமிடம், அவளையே வர்ணிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு நிமிட இடைவேளையில், ரிங் மூலையில் நிற்கும் கோச்சைப்போல மூன்றே வாக்கியம் சொல்லட்டும்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று ரவுண்டு. முதல் இரண்டு வாரம் தமிழில், பிறகு இந்தியில். இடது, வலது, தூரம், கால், இடுப்பு, தாடை ஆகியவற்றுக்குப் பாயா, தாயா, தூரி, பைர், கமர், ஜப்டா என்ற சொற்கள் நாக்கில் நின்றால் அடிப்படை முடிந்தது.

எங்கே தடுக்கும் தெரியுமா? எல்லாக் குத்தையும் சொல்லப் பார்த்துப் படத்துக்குப் பின்னால் ஓடுவாள். மூன்றில் ஒன்றைச் சொன்னால் போதும். கைகளை மட்டும் பார்ப்பாள். காலைப் பார்க்கச் சொல்லுங்கள், ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். “சூப்பரா ஆடினாங்க” என்று வந்தால் நிறுத்தி, “எது சூப்பர்?” என்று கேளுங்கள். பதிலை மட்டும் மனப்பாடம் செய்ய விடாதீர்கள். கேள்வி கொஞ்சம் மாறினால் எல்லாம் உதிர்ந்துவிடும்.

கோச்சுக்கும் வீட்டாருக்கும் நன்றி சொல்ல வேண்டும்தான். ஆனால் அது கடைசி வாக்கியமாக வரட்டும். முதலில் வந்தால் நிருபர் அதோடு மைக்கை எடுத்துவிடுவார்.

கேள்வி: எதிராளியைத் திட்டுவதும் பேச்சுத்திறனில் சேருமா?
– வாசகர், லோதி காலனி

சேராது. அலியையே சொல்கிறோம். தடை விதிக்கப்பட்ட காலத்தில் தனக்கு உதவிய ஜோ ஃபிரேசியரை, 1975 மணிலா சண்டைக்கு முன் ‘கொரில்லா’ என்று திரும்பத் திரும்ப அழைத்தார், ரப்பர் பொம்மையை வைத்துக் குத்திக் காட்டினார். டிக்கெட் விற்றது. ஃபிரேசியரின் நெஞ்சில் விழுந்த காயம் பல பத்தாண்டுகள் ஆறவில்லை. அலி 2001-ல் மன்னிப்புக் கேட்டார். எதிராளியின் ஆட்டத்தைக் கிண்டல் செய்யலாம், அதற்கு அவர் ரிங்கில் பதில் சொல்ல முடியும். நிறத்தையும் முகத்தையும் குடும்பத்தையும் தொட்டால் அவர் எங்கே பதில் சொல்வார்?

கேள்வி: ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) முடிந்து வந்த மகன் அன்று மாலை கொஞ்சம் குழறிப் பேசினான். களைப்பு என்கிறான். நம்பலாமா?
– ஒரு தந்தை, மயூர் விஹார்

நம்ப வேண்டாம். பேச்சுக் குழறல் மூளை அடிபட்டதற்கு அடையாளமாக இருக்கலாம். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்டதையே திரும்பக் கேட்பது, வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பியும் தெளியாத தூக்கம், கண்மணிகள் இரண்டும் வெவ்வேறு அளவில் தெரிவது, வலிப்பு – இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எய்ம்ஸ் டிராமா சென்டர் இரவு பகலாகத் திறந்திருக்கிறது. மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும்வரை ஸ்பாரிங் கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் அது சிறிய அடியாக இருந்தாலும் பேராபத்து. ஹெட்கார்டு (தலைக்காப்பு) போட்டிருந்தான் என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். அது புருவம் கிழிவதைக் குறைக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது.

மெதுவாக வரும் சேதமும் உண்டு. அலியின் பழைய பேட்டிகளை அளந்து பார்த்த அரிசோனா ஆய்வாளர்கள், 26 வயதுக்கும் 39 வயதுக்கும் இடையில் அவர் பேசும் வேகம் 26 சதவீதம் குறைந்ததைக் கண்டார்கள். பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் உறுதிசெய்தது அதற்கும் பிறகு, 1984-ல். உங்கள் மகன் பேசுவதை மாதம் ஒருமுறை, ஒரே பத்தியை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து வையுங்கள். மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் போட்டுக் காட்ட அது உதவும்.

கேள்வி: பள்ளி ஆண்டு மலருக்காக ஒரு குத்துச்சண்டை வீராங்கனையைப் பேட்டி எடுக்கப் போகிறோம். என்ன கேட்பது?
– பதினொன்றாம் வகுப்பு மாணவிகள், மந்திர் மார்க்

“எப்படி உணர்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்காதீர்கள், பதில் “நன்றாக” என்றே வரும். அவருடைய ஒரு ஆட்டத்தை முழுதாக இரண்டு முறை பார்த்துவிட்டுப் போங்கள். “இரண்டாவது ரவுண்டில் திடீரென்று பின்வாங்கினீர்களே, களைப்பா, திட்டமா?” என்று கேளுங்கள். கை, கால், நேரம் மூன்றும் உள்ள கேள்விக்கு எந்த வீரரும் மனம் திறந்துவிடுவார். பதில் முடிந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணும்வரை அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள், நல்ல வாக்கியம் பல நேரம் அந்த இடைவெளியில்தான் வரும். எடை குறைப்பதைப் பற்றிக் கேட்கலாம், ஆனால் எத்தனை கிலோ என்று அச்சிடும் முன் அவரிடம் அனுமதி வாங்குங்கள். தோற்ற ஆட்டத்தைப் பற்றிய கேள்வியைக் கடைசிக்கு முன்னதாக வையுங்கள். கடைசிக் கேள்வி அடுத்த போட்டியைப் பற்றியதாக இருக்கட்டும்.