வரலாற்றை எங்கே தொடங்கலாம்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பள்ளிக்கூடத்தில் வரலாற்று வகுப்பு என்றாலே எனக்குத் தூக்கம் வரும். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இப்போது திடீரென்று ஆர்வம். நாவல் வேண்டாம், நிஜமாக நடந்ததைச் சொல்கிற புத்தகம்தான் வேண்டும். நண்பர்கள் எல்லோரும் 'சேப்பியன்ஸ்' படி என்கிறார்கள். அதிலிருந்தே தொடங்கலாமா?

பதில்: படியுங்கள், விறுவிறுவென்று போகும். ஆனால் முதல் புத்தகமாக அதை நான் சொல்ல மாட்டேன். மனித குலத்தின் மொத்தக் கதையையும் ஒரே புத்தகத்தில் ஓட்டும்போது, 'இது இவருக்கு எப்படித் தெரியும்?' என்று நின்று கேட்க நமக்கு அவகாசமே கிடைக்காது. அந்தக் கேள்வி முதலில் பழக வேண்டும். அதற்குச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஆழமாகப் போகிற புத்தகம்தான் சரி.

நேட்டலி ஸீமோன் டேவிஸ் 1983-இல் வெளியிட்ட 'தி ரிட்டர்ன் ஆஃப் மார்ட்டின் கேர்' ஒல்லியான புத்தகம். 16-ஆம் நூற்றாண்டில், தெற்கு பிரான்ஸில் ஒரு கிராமம். மார்ட்டின் என்ற விவசாயி மனைவியையும் பிள்ளையையும் விட்டுவிட்டுக் காணாமல் போகிறான், சில வருடம் கழித்துத் திரும்பி வருகிறான், மனைவி ஏற்றுக்கொள்கிறாள், ஊரும் ஏற்றுக்கொள்கிறது. அப்புறம் சொத்துத் தகராறு வருகிறது. மார்ட்டினுடைய தந்தையின் சகோதரரே 'இவன் மார்ட்டின் இல்லை' என்று நீதிமன்றத்துக்குப் போகிறார். வந்தவன் வாதாடுகிற வாதத்தில் துலூஸ் நகரத்து நீதிபதிகள் அவன் பக்கம் சாய்கிற நேரத்தில் மரக்காலை ஊன்றிக்கொண்டு அசல் மார்ட்டினே வந்து நிற்கிறான்! போலியாக வந்தவனுக்கு 1560-இல் தூக்கு.

கதை இவ்வளவுதான். ஆனால் அந்த மனைவி பெர்ட்ராண்டுக்கு உண்மை தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான், தனக்கு ஒரு வாழ்க்கை வேண்டும் என்றுதான் உடன்பட்டாள் என்கிறார் டேவிஸ். ராபர்ட் ஃபின்லே என்ற வரலாற்றாசிரியர் 1988-இல் இதை மறுத்து, ஆவணத்தில் இல்லாததை டேவிஸ் தன் ஊகத்தால் நிரப்பியிருக்கிறார் என்று எழுதினார். டேவிஸும் விடவில்லை, விரிவாகப் பதில் எழுதினார். முடிந்தால் இரண்டு பேரையும் தேடிப் படியுங்கள். எனக்கு டேவிஸ் பக்கம்தான் சாய்வு, ஆனாலும் ஃபின்லே கேட்டது நியாயமான கேள்வி.

அது பிடித்தால் அடுத்தது கார்லோ கின்ஸ்பர்க்கின் 'தி சீஸ் அண்ட் தி வோர்ம்ஸ்', இத்தாலிய மொழியில் 1976-இல் வந்தது. மெனோக்கியோ என்ற மாவு மில்காரர், பாலிலிருந்து பாலாடைக்கட்டி திரள்வதுபோல உலகம் திரண்டது, அதில் உண்டான புழுக்களே தேவதூதர்கள் என்று ஊரில் பேசிக்கொண்டிருக்கிறார். திருச்சபை விட்டுவைக்குமா? கடைசியில் மரண தண்டனை. விசாரணை அதிகாரிகள் கேள்வியையும் பதிலையும் எழுதி வைத்ததால்தான் நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சாதாரண மனிதரின் பேச்சு நம் காதில் விழுகிறது. அவரை ஒழித்தவர்களுடைய காகிதம்தான் அவரைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது.

கேள்வி: போர் பற்றிய புத்தகங்களில் தளபதிகள் பெயரும் படைப்பிரிவு எண்ணும்தான் இருக்கின்றன. தலை சுற்றாமல் படிக்க ஏதாவது?

பதில்: பார்பரா டக்மன், 'தி கன்ஸ் ஆஃப் ஆகஸ்ட்', 1962. முதல் உலகப் போரின் முதல் மாதம் மட்டும். 1910-இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் இறுதி ஊர்வலத்தில் ஒன்பது மன்னர்கள் குதிரையில் வருகிற காட்சியோடு ஆரம்பிக்கிறது. யாருக்கும் பெரிய போர் வேண்டாம், ஆனால் போட்டு வைத்த திட்டத்தையும் படைகளை ஏற்றிச் செல்லும் ரயில் அட்டவணையையும் மாற்ற ஒருவருக்கும் துணிவில்லை என்பதைப் படிக்கப் படிக்கக் கோபம் வரும். 1962-இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதப் போரின் விளிம்புக்கே போன கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்க அதிபர் கென்னடி மனதில் இந்தப் புத்தகம்தான் இருந்தது. குறையும் உண்டு: செர்பியா, ஆஸ்திரியா பக்கத்துச் சண்டையை அநேகமாக விட்டுவிட்டார்.

தளபதிகளே வேண்டாம் என்றால் ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் இருந்த பெண்கள் சொன்னதைக் கேட்டுத் தொகுத்த 'தி அன்வுமன்லி ஃபேஸ் ஆஃப் வார்'. தொடர்ந்து படிக்க முடியாது, நடுவில் மூடி வைத்துவிடுவீர்கள். பேச்சை அவர் செதுக்கித்தான் தருகிறார், பிந்தைய பதிப்புகளில் மாற்றியும் இருக்கிறார் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

கேள்வி: ஜாரெட் டயமண்டின் 'கன்ஸ், ஜெர்ம்ஸ் அண்ட் ஸ்டீல்' சரியா தப்பா?

பதில்: ஐரோப்பியர்கள் ஜெயித்தது அறிவால் அல்ல, பழக்க முடிந்த விலங்கும் பயிரிட முடிந்த தானியமும் ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்த யூரேசியாவில் அதிகம் இருந்ததால் என்கிற அடிப்படை வாதம் இனவாதத்துக்கு நல்ல பதில். ஆனால் யார் எந்த முடிவை எடுத்தார்கள், யார் யாரை அடிமையாக்கினார்கள் என்பதெல்லாம் அதில் கரைந்துபோகிறது என்று மானிடவியலாளர்கள் சண்டை போடுகிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கையோடு சிட்னி மின்ட்ஸின் 'ஸ்வீட்னஸ் அண்ட் பவர்' (1985) படியுங்கள். சர்க்கரை என்கிற ஒரே பொருளை வைத்துக் கரீபியன் அடிமைத் தோட்டத்தையும் இங்கிலாந்துத் தொழிலாளியின் தேநீர்க் கோப்பையையும் இணைத்துக் காட்டுவார்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் ஓடாது. தமிழில்?

பதில்: நேரு 1930-லிருந்து 1933 வரை சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதங்கள் 'உலக சரித்திரம்' என்று தமிழில் இருக்கின்றன. பக்கத்தில் நூலகம் இல்லாமல், குறிப்புகளையும் ஞாபகத்தையும் வைத்து எழுதியவர், ஆகவே தகவல் பிழை பார்க்க உட்காராதீர்கள். ஐரோப்பாவோடு நின்றுவிடாமல் சீனா, பாரசீகம் என்று சுற்றுவதற்காகவே படிக்கலாம். மொழிபெயர்ப்பே வேண்டாம், நேரடித் தமிழ்தான் வேண்டும் என்றால் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குப் பக்கத்திலேயே இருந்தவர் எழுதியது. பழைய நடை, முதலில் இடறும். பத்துப் பக்கம் பொறுத்துக்கொண்டால் வதந்தி, வியாபாரம், மனிதர்களின் பொறாமை எல்லாம் அப்படியே கிடைக்கும்.

கேள்வி: தடித்த வரலாற்றுப் புத்தகம் வாங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். முடித்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாமின் 'தி ஏஜ் ஆஃப் ரெவல்யூஷன்' போன்றவற்றில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனியாகவே படிக்கலாம், பிடித்த தலைப்பில் நுழையுங்கள். பின்பக்க அடிக்குறிப்புகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், அடுத்துப் படிக்க வேண்டிய புத்தகத்தின் பெயர் அநேகமாக அங்கேதான் கிடைக்கும்.