கேட் எக்ஸாமுக்குப் படிக்கிறேன்... தலை சுத்துது டாக்டர்!

கேள்வி: பி.இ. ட்ரிபிள்-இ முடிச்சுட்டு எம்.டெக் சேரணும்னு கேட் எக்ஸாமுக்கு வீட்டுலயே படிக்கிறேன், வயசு 23. ராத்திரிதான் அமைதியா இருக்குன்னு மூணு மணி வரைக்கும் முழிச்சிருப்பேன், நடுவுல நாலஞ்சு தடவை டீ. எந்திரிக்க பத்து மணி ஆகிடும், டிபன் கிடையாது, நேரா மதிய சாப்பாடுதான். கொஞ்ச நாளா முடி கொத்துக் கொத்தா கொட்டுது, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, உக்காந்து எந்திரிச்சா கண்ணு இருட்டுது. படிச்ச ஃபார்முலா மறுநாள் ஞாபகமே வரல. கண்ணு பட்டிருக்குன்னு அம்மா சுத்திப் போடறாங்க. எக்ஸாம் முடிஞ்சதும் பார்த்துக்கலாமா டாக்டர்?
– வாசகி, நாமக்கல்

பதில்: வேணாம் தங்கச்சி, இந்த வாரமே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. முடி கொட்டறது, மூச்சு வாங்கறது, கண்ணு இருட்டறது மூணும் சேர்ந்து வருதுன்னாலே எனக்கு முதல்ல சந்தேகம் ரத்தசோகை மேலதான். கண்ணாடி முன்னாடி நின்னு கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க, உள்பக்கம் நல்ல சிவப்பா இருக்கணும், வெளுத்துப் போய் இருந்தா சந்தேகம் இன்னும் பலமாகுது. பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஹீமோகுளோபின் இலவசமா பார்ப்பாங்க, பெண்களுக்கு 12-க்குக் கீழ போச்சுன்னா ரத்தசோகை. முடிஞ்சா ஃபெரிட்டின் (உடம்புல சேமிப்புல இருக்கற இரும்புச்சத்தைக் காட்டற டெஸ்ட்), தைராய்டு, வைட்டமின் பி12 மூணையும் சேர்த்துப் பார்த்துடுங்க, ஏன்னா தைராய்டு குறைஞ்சாலும் இதே மாதிரி முடி கொட்டும், அசதியா இருக்கும், மறதியும் வரும். பீரியட்ஸ் அதிகமா போகுதாங்கறதை நீங்க எழுதல, டாக்டர்கிட்ட போறப்போ மறக்காம அதைச் சொல்லுங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல, இந்தியாவுல 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்திருக்கு. அவ்ளோ பேருக்கு இருக்கறதாலயே இதை வீட்டுல யாரும் ஒரு நோயாவே நினைக்கறதில்லங்கறதுதான் எனக்கு பெரிய வருத்தம். அம்மா சுத்திப் போடட்டும், அவங்க மனசுக்கு அது ஆறுதல், ஆனா கையோட டெஸ்ட்டுக்கும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

டீ விஷயத்துக்கு வரேன். சாப்பாட்டோட டீ குடிச்சா சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்து உடம்புல ஒழுங்கா சேராது, அதனால சாப்பிடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ வெச்சுக்கோங்க. அதே மாதிரி ராத்திரி பத்து மணிக்குக் குடிக்கற டீயில இருக்கற கேஃபீன்ல ஏறக்குறைய பாதி, மூணு மணிக்கும் உடம்புக்குள்ளதான் இருக்கும், அப்புறம் படுத்தாலும் அது ஆழ்ந்த தூக்கமா இருக்காது. பகல்ல படிச்சதை மூளை பதிய வெக்கறதுல பெரும்பங்கு தூக்கத்துலதான் நடக்குது, ஃபார்முலா மறந்து போறதுக்கு இதுவும் ஒரு காரணம். சாயந்திரம் நாலு மணிக்கு மேல டீ வேணாம்.

இன்னொண்ணு, கேட் காலையில ஒன்பதரைக்கும் மதியம் ரெண்டரைக்கும்னு ரெண்டு ஷிஃப்ட்டா நடக்குது. உங்க பேப்பர் காலை ஷிஃப்ட்டுல வந்தா, நீங்க இப்போ தூங்கிட்டு இருக்கற நேரத்துல உக்காந்து 3 மணி நேரத்துல 65 கேள்வி போடணும், அதுவும் ஸ்க்ரீன்ல வர்ற கால்குலேட்டரை மவுஸால தட்டித் தட்டி. ஒரே நாள்ல மாத்திக்க முடியாது, அதனால இன்னைலேர்ந்தே நாலு நாளைக்கு ஒரு தடவை படுக்கற நேரத்தை அரை மணி நேரம் முன்னாடி கொண்டு வந்துட்டே இருங்க, எந்திரிச்ச உடனே மொட்டை மாடியில வெயில் படற மாதிரி கொஞ்ச நேரம் நடங்க, மாக் டெஸ்ட்டை எக்ஸாம் நேரத்துலயே எழுதுங்க. டிபனை விடாதீங்க, ரெண்டு இட்லியும் ஒரு கைப்பிடி வேகவெச்ச கடலையும் போதும். முருங்கைக்கீரை, சுண்டல்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாப்பிட்டா இரும்புச்சத்து நல்லா சேரும், அசைவம் சாப்பிடற வீடுன்னா வாரம் ஒரு நாள் ஈரல் வறுத்துத் தரச் சொல்லுங்க. ஆனா ஹீமோகுளோபின் ரொம்ப இறங்கியிருந்தா சாப்பாட்டால மட்டும் ஏறாது, மாத்திரை வேணும். அதைப் போட்டா மலம் கறுப்பாப் போகும், பயந்து நிறுத்திடாதீங்க.

கேள்வி: எம்.எஸ்சி. பிசிக்ஸுக்காக ஜாம் எழுதப் போறேன். மாக் டெஸ்ட் ஆரம்பிச்சாலே நெஞ்சு படபடக்குது, கை வேர்க்குது. ஃப்ரெண்ட் ஒருத்தன் ப்ராப்ரனலால்னு ஒரு மாத்திரை கொடுத்தான், போட்டா கை நடுங்காதாம். சின்ன வயசுல எனக்கு வீசிங் இருந்தது. போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: தயவுசெஞ்சு போடாதீங்க தம்பி. அந்த மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கும், அது உண்மைதான், ஆனா வீசிங் இருந்தவங்க போட்டா மூச்சுக்குழாய் சுருங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். படபடப்புக்கு, மூச்சை உள்ள இழுக்கறதை விட வெளிய விடறதை மெதுவா, நீளமா விட்டுப் பழகுங்க, டெஸ்ட் அன்னைக்கு காபி வேணாம். அப்பவும் அடங்கலைன்னா, இல்ல ராத்திரி தூக்கமே வரலைன்னா, 14416-க்கு போன் பண்ணுங்க, மத்திய அரசோட டெலி மானஸ், இலவசம்தான், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். மாத்திரையை ஃப்ரெண்டுகிட்டயே கொடுத்துடுங்க, யார் எழுதிக் கொடுத்து வாங்கினான்னு அவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க.