சித்தப்பாவின் அமிகா 1200: பணம் போடலாமா, எமுலேட்டரே போதுமா?

கேள்வி: என் சித்தப்பா வைத்திருந்த அமிகா 1200 கணினி இப்போது என்னிடம் வந்திருக்கிறது. கூடவே ஒரு பெட்டி நிறைய ஃப்ளாப்பிகள், எண்பது தொண்ணூறு இருக்கும். ஆன் செய்தால் ஓடுகிறது. ஆனால் சத்தம் ரொம்ப மங்கலாக வருகிறது, சில டிஸ்குகளைப் படிக்க மறுக்கிறது. சிறு வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதில்தான் விளையாடினேன். இந்த மெஷினில் விளையாட இனி எதிர்காலம் உண்டா? ரிப்பேருக்குச் செலவு செய்யலாமா? இன்றும் புதிதாக விற்கும் அமிகாவை வாங்கலாமா? அல்லது இன்றைய கணினியிலேயே அமிகாவைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரே போதுமா?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும்வரை மெஷினை மறுபடி ஆன் செய்ய வேண்டாம். சத்தம் மங்கலாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அமிகா 1200-இல் சத்தம் இப்படி அடங்கிப்போனால் நான் முதலில் சந்தேகப்படுவது போர்டில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சின்ன உதிரிகளான கெப்பாசிட்டர்களைத்தான்.

இது 1992-இல் வந்த மாடல். போர்டின் மேற்பரப்பிலேயே சோல்டர் செய்யும் சின்னச் சின்ன அலுமினியக் கெப்பாசிட்டர்களை, அமிகாவைத் தயாரித்த காமடோர் நிறுவனம் இதில் போட்டிருந்தது. அமிகா 600, 4000, சிடி32 எல்லாவற்றிலும் இதே கதைதான். வருடங்கள் ஆக ஆக உள்ளே இருக்கும் திரவம் அடிப்பக்கமாகக் கசியும். கசிந்தது சும்மா இருக்காது. போர்டின் செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே பக்கத்துச் சிப்பின் கால்வரை போய்விடும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மற்ற சோல்டர் புள்ளிகள் எல்லாம் பளபளவென்று இருக்கும்போது, கெப்பாசிட்டரின் கால் பக்கம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கியிருக்கும். அங்கே சோல்டரிங் அயனை வைத்தவுடன் மீன் வாடை அடிக்கும். ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு அப்புறம் சந்தேகமே வராது.

சத்தத்துக்கு உரிய இரண்டு மூன்றை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றி, கசிந்த இடங்களை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போட்டுச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். பழைய கெப்பாசிட்டரைப் பிடுங்கி எடுக்கும்போது கீழே இருக்கும் செம்புத் திட்டும் சேர்ந்து பிய்ந்துவரும் ஆபத்து உண்டு. அதனால் சோல்டரிங் கற்றுக்கொள்ள இந்தப் போர்டு வேண்டாம். பழகிய கையிடம் கொடுங்கள். உதிரிகளின் விலை பெரிதில்லை, கைவேலைக்குத்தான் காசு. அடிப்பக்க மூடியைத் திறந்து பாருங்கள், கூடுதல் மெமரி கார்டு ஏதாவது இருந்தால் அதில் பேட்டரி இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பேட்டரியும் கசியும். பவர் சப்ளையையும் ஒரு மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள்.

ரிப்பேருக்குச் செலவு செய்யலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இதற்கு மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். அந்த மெஷினில் படத்தையும் சத்தத்தையும் கவனிக்கும் ஆலிஸ், லிசா, பாலா ஆகிய சிப்புகளை இன்று யாரும் தயாரிப்பதில்லை. புது கேஸ் கிடைக்கிறது, கீபோர்டுக்குப் புது விசைகள் கிடைக்கின்றன, பழைய சிப்புகளைக் கழற்றிப் பொருத்திக்கொள்ளப் புது போர்டுகூடக் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சிப்புகள் வேண்டுமென்றால் இன்னொரு பழைய மெஷினிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சரி, எதிர்காலத்துக்கு வருவோம். காமடோர் 1994 ஏப்ரலில் திவாலானது. 1995-இல் எஸ்காம் என்ற பிசி நிறுவனம் வாங்கியது, அடுத்த வருடமே அதுவும் திவால். 1997-இல் கேட்வே என்ற இன்னொரு பிசி நிறுவனத்தின் கைக்குப் போனது. இப்படிக் கைமாறிக் கைமாறி, பெயருக்கு ஒருவர், இயங்குதளத்துக்கு ஒருவர், பழைய ரோம் (ROM) சிப்பில் உள்ள நிரலின் காப்புரிமைக்கு ஒருவர் என்று உரிமைகள் சிதறிவிட்டன. இயங்குதளத்தை வெளியிடும் ஹைப்பீரியனும் பழைய ரோமின் உரிமை வைத்திருக்கும் க்ளோவான்டோவும் இதற்காக வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கியிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்கு நடுவிலும் பழைய அமிகாக்களுக்கென்று 2018-இல் 3.1.4 பதிப்பும் 2021-இல் 3.2 பதிப்பும் வந்தன. தயாரித்த நிறுவனம் மூடி 27 வருடம் கழித்து ஒரு கணினிக்குப் புது இயங்குதளம் வருகிறது என்றால், அதன் பின்னால் எவ்வளவு பிடிவாதமான உழைப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விளையாட்டுகள் ஏன் கைவிட்டுப் போயின என்பதற்கு நிறுவனம் மூடியது மட்டும் காரணம் இல்லை. அமிகாவின் திரை நினைவகம் அடுக்கடுக்காக வேலை செய்கிறது. 256 நிறம் வேண்டுமென்றால் ஒரு புள்ளியின் நிற எண்ணில் உள்ள எட்டு பிட்களும் எட்டுத் தனித்தனி அடுக்குகளில் கிடக்கும். பெரிய படங்களை மொத்தமாக நகர்த்த இது அருமையான ஏற்பாடு. அதனால்தான் பக்கவாட்டில் ஓடும் விளையாட்டுகள் அமிகாவில் அவ்வளவு வழுவழுப்பாக ஓடின. ஆனால் டூம் மாதிரி ஒரு முப்பரிமாண விளையாட்டு ஒவ்வொரு புள்ளியையும் தனியாகக் கணக்கிட்டு வரையும். பிசியில் அதற்கு ஒரு பைட்டை எழுதினால் போதும். அமிகாவில் எட்டு இடத்தைத் தொட வேண்டும். 1993-இல் டூம் வந்தபோது சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது. 1997 டிசம்பரில் டூமின் மூலநிரல் வெளியானதும் அமிகாவுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனால் உங்கள் 1200-இல் இருக்கும் 14 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் அதை இழுக்காது. அதனால் புது முப்பரிமாண விளையாட்டு எதையும் இந்த மெஷினிடம் எதிர்பார்க்காதீர்கள்.

மற்றபடி புது விளையாட்டு வருகிறதா? வருகிறது. ரீஷூட் ஆர், ரோக்கிராஃப்ட் இரண்டும் கடந்த சில வருடங்களில் வந்தவை. முன்பெல்லாம் பிராசசரோடு நேராகப் பேசும் அசெம்பிளி மொழி தெரியாமல் இந்த வேலையில் இறங்க முடியாது. இப்போது ஸ்கார்ப்பியன் இன்ஜின் மாதிரி கருவிகளை வைத்து இன்றைய பிசியில் உட்கார்ந்தபடியே அமிகாவுக்கு விளையாட்டு எழுதலாம். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தனி ஆட்கள், சின்னக் குழுக்கள். பலரும் பழைய அமிகா 500-ஐ மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள், அவை உங்கள் 1200-இலும் பெரும்பாலும் ஓடிவிடும். நான் கவலைப்படுவது சிப்பைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ அவ்வளவாக இல்லை, இந்த ஆட்களைப் பற்றித்தான். நாலு பேர் களைத்துப்போய் விலகினால் ஒரு வருடத்து வரவே குறைந்துபோகும். ஒரு விளையாட்டு பிடித்திருந்தால் இலவசமாக இறக்கிக்கொண்டதோடு நிற்காமல் விலை கொடுத்தும் வாங்குங்கள்.

புதிதாக விற்கும் அமிகா வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்5000, ஏ1222 பிளஸ் போன்ற, பவர்பிசி வகைப் பிராசசரில் ஓடும் மெஷின்களைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விளையாட்டுக்காக என்றால் வேண்டாம். அவற்றில் ஓடுவது அமிகா இயங்குதளத்தின் 4.1 பதிப்பு. சித்தப்பாவின் ஃப்ளாப்பி விளையாட்டுகள் இயங்குதளத்தை ஓரங்கட்டிவிட்டு நேராகப் பழைய சிப்புகளோடு பேசுபவை, அந்தச் சிப்புகள் இந்த மெஷின்களில் இல்லை. ஆகவே அங்கேயும் எமுலேட்டர் வழியாகத்தான் விளையாட வேண்டும். ஏ1222 பிளஸ்ஸின் பிராசசரில் தசமக் கணக்குப் போடும் பகுதியே வழக்கமான பவர்பிசி போல இல்லை, அதற்காகவே சில மென்பொருள்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஆப்பிள் 2005-இல் பவர்பிசியை விட்டு விலகுவதாக அறிவித்த பிறகு, மேசைக் கணினிக்கென்று அந்தச் சிப்பை வளர்க்க ஆளே இல்லாமல் போனது. அந்த இயங்குதளத்தின் மேல் ஆசைப்பட்டு வாங்குகிறவர்களை நான் மதிக்கிறேன். உங்கள் தேவை அது இல்லை. அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்க மட்டும் ஆசை என்றால், பழைய ஜி4 மேக் மினியில் அமிகா பாணி இயங்குதளமான மார்ஃப்ஓஎஸ் போட்டுப் பாருங்கள், செலவு குறைவு.

எமுலேட்டர் விஷயத்தில் கவலையே வேண்டாம். 1995-இல் தொடங்கிய யுஏஇ என்ற எமுலேட்டர் இன்று வின்யுஏஇ, எஃப்எஸ்-யுஏஇ என்று வளர்ந்து, ஒவ்வொரு சிப்பின் ஒவ்வொரு துடிப்பையும் பின்பற்றும் அளவுக்கு வந்துவிட்டது. அமிகா ஆன் ஆனதும் முதலில் ஓடும் கிக்ஸ்டார்ட் ரோமுக்கு இன்னும் காப்புரிமை இருக்கிறது. அமிகா ஃபாரெவர் தொகுப்பை வாங்கினால் சட்டப்படி கிடைக்கும். எமுலேட்டரோடு வரும் ஏராஸ் மாற்று ரோமிலும் சில விளையாட்டுகள் ஓடும். இன்னும் எளிதாக வேண்டுமா? 2022-இல் வந்த ஏ500 மினியை டிவியில் சொருகினால் 25 விளையாட்டுகள் உடனே தயார், மற்றவற்றை யுஎஸ்பியில் சேர்த்துக்கொள்ளலாம். சிப்புகளின் நடத்தையையே எஃப்பிஜிஏ என்ற, வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய சிப்பில் எழுதிவிட்ட மினிமிக், 2007-இல் இருந்தே எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. அதே வகைச் சிப்பை வைத்துப் பழைய கணினிகளாக மாறும் மிஸ்டர் கருவியில் ஓடுவது அதன் வழி வந்ததுதான். கடைசி லிசா சிப் செத்தாலும் இந்த விளையாட்டுகள் சாகப்போவதில்லை.

அப்படியானால் நிஜ மெஷின் எதற்கு என்று கேட்டால், கைக்காகத்தான். குமிழ்த்திரை டிவி, நேராகச் சொருகிய ஜாய்ஸ்டிக், நடுவில் எந்தத் தாமதமும் இல்லை. கையால் உணர்ந்தால்தான் அது புரியும்.

அந்த உணர்வு வேண்டுமென்றால் கெப்பாசிட்டர் வேலைக்குப் பிறகு இரண்டே பொருள்கள் வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு, அடிப்பக்க ஸ்லாட்டில் ஒரு ஃபாஸ்ட் ராம் (கூடுதல் நினைவக) கார்டு. பிறகு டபிள்யூஹெச்டிலோடு என்ற மென்பொருளைப் போட்டால், ஃப்ளாப்பி மாற்றும் வேலையே இல்லாமல் விளையாட்டுகள் கார்டிலிருந்து ஓடும். ராம் கார்டில் ஒரு சிக்கல் உண்டு: 8 எம்பி கார்டுகள் பல, மெஷினின் பக்கவாட்டில் கார்டு சொருகும் பிசிஎம்சிஐஏ ஸ்லாட்டின் நினைவக முகவரிகளையும் பிடித்துக்கொள்ளும். பிசியிலிருந்து கோப்பு கொண்டுவர அந்த ஸ்லாட்தான் சுலபமான வழி. ஆகவே 4 எம்பிக்கு மாற்றிக்கொள்ள ஜம்பர் (சின்ன இணைப்புச் சொருகி) இருக்கும் கார்டாகப் பார்த்து வாங்குங்கள். பைஸ்டார்ம், வாம்பயர் மாதிரி வேகம் கூட்டும் கார்டுகள் இப்போதைக்குத் தேவையில்லை. திரையைப் பொறுத்தவரை, அமிகாவின் 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை இன்றைய மானிட்டர்கள் பெரும்பாலும் ஏற்காது. பழைய டிவி இல்லையென்றால், அந்தச் சிக்னலை மானிட்டருக்கு ஏற்ப மாற்றும் ஸ்கேன் டபுளர் வேண்டும்.

இனி அந்த ஃப்ளாப்பிப் பெட்டி. எனக்கு மெஷினை விட அதன் மேல்தான் அக்கறை. கடையில் விற்ற விளையாட்டுகள் பெரும்பாலும் ஏற்கெனவே நகலெடுத்துப் பாதுகாக்கப்பட்டுவிட்டன. உங்கள் சித்தப்பா கையெழுத்தில் லேபிள் ஒட்டிய டிஸ்குகளுக்கு உலகத்தில் வேறு நகலே கிடையாது. அவர் பாதியில் சேமித்துவைத்த ஆட்டம், எடுத்த ஸ்கோர், டீலக்ஸ் பெயின்டில் வரைந்த படம் ஏதாவது அதில் இருக்கலாம்.

சாதாரண பிசி டிரைவில் போட்டால் படிக்காது என்று நினைத்து டிஸ்கைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை டிஸ்கில் இல்லை. பிசி ஒரு தடத்தில் 9 பகுதிகள் எழுதும் இடத்தில், அமிகா முழுத் தடத்தையும் ஒரே மூச்சில் எழுதி 11 பகுதிகளை அடக்கிவிடுகிறது. அதனால்தான் அங்கே 720 கேபி, இங்கே 880 கேபி. பிசியின் கன்ட்ரோலருக்கு இந்த வடிவம் தெரியாது. கிரீஸ்வீசல் என்ற சின்ன யுஎஸ்பி போர்டை வாங்கி, ஒரு பழைய பிசி ஃப்ளாப்பி டிரைவை அதில் இணையுங்கள். அது காந்தத் துடிப்பை அப்படியே பதிவு செய்வதால் எந்த வடிவமும் அதற்குப் பொருட்டில்லை.

டிரைவில் போடும் முன் ஒவ்வொரு டிஸ்கின் உலோகக் கதவையும் நகர்த்தி, நடுவட்டைச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே சுழலவிட்டால் பழுப்புப் பூச்சு உரிந்து தரவு போய்விடும், ஹெட்டும் அழுக்காகி அடுத்த டிஸ்கையும் கீறும். அவற்றைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். எழுத்துத் தடுப்பு ஓட்டை திறந்திருக்க வேண்டும், மூடியிருந்தால் டிஸ்கில் எழுத முடியும் என்று அர்த்தம். பழைய டிஸ்குகளின் முதல் பகுதியில் வைரஸும் இருக்கலாம். 1987-இல் பரவிய எஸ்சிஏ வைரஸ் அப்படிப்பட்டதுதான். ரீசெட் செய்தாலும் நினைவகத்தில் தங்கி அடுத்த டிஸ்கில் ஏறிக்கொள்ளும். நிஜ மெஷினில் டிஸ்க் மாற்றும்போது முழுதாக ஆஃப் செய்து கொஞ்சம் பொறுத்து ஆன் செய்யுங்கள்.

முதலில் கடையில் வாங்கிய ஒரு விளையாட்டு டிஸ்கில் பழகுங்கள். ஒரு பக்கத்துக்கு 80 தடம், இரண்டு பக்கமும் சேர்த்து 160. ஹெட் டக் டக்கென்று நகர நகர, திரையில் ஒவ்வொரு தடமாக வரும். ஏதோ ஒன்றில் நின்று திரும்பத் திரும்ப முயலும். அப்போது அவசரப்படாதீர்கள். நிறுத்தி, ஹெட்டை ஆல்கஹாலில் துடைத்து, மறுபடி முயலுங்கள். மூன்றாவது தடவையில் முழுதாக வந்த டிஸ்குகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கை பழகியதும் கையெழுத்து லேபிள் டிஸ்குகளுக்குப் போங்கள். டிஸ்கின் தரவை மட்டும் நகலெடுக்கும் வெறும் ஏடிஎஃப் கோப்பாக மட்டும் சேமிக்காமல் மூலத் துடிப்புப் பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள், இன்று படிக்காத தடத்தை நாளைக்கு ஒரு நல்ல மென்பொருள் படித்துவிடலாம். ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு எண் கொடுத்து, லேபிளைப் புகைப்படம் எடுத்து, அதே எண்ணில் கோப்புக்குப் பக்கத்திலேயே போட்டுவையுங்கள்.