எனக்குப் பிறகு யார்? துணையோடு வாழும் வீடுகள் பற்றித் திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

17 ஆண்டுகளாகத் திருகோணமலையிலும் மூதூர்ப் பக்கத்திலும் வளர்ந்த மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்குத் துணையாளராகப் போய்வருகிறேன். இப்போது புதிய துணையாளர்களைப் பழக்குவதும் என் வேலை. நான் வைத்தியரும் அல்ல, சட்டத்தரணியும் அல்ல. வந்த கேள்விகளில் பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

உவர்மலையிலிருந்து ஒரு தாய்: எனக்கு 63 வயது. மகனுக்கு 34, டவுன் சின்ட்ரோம். கணவர் இல்லை. எனக்குப் பிறகு இவனை எந்த இல்லத்தில் சேர்ப்பது?

அம்மா, அவர் ஏன் உங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டும்? நான் பல வீடுகளில் பார்த்தது இதுதான்: அந்தியேட்டி முடிந்த கையோடு உறவினர் விறாந்தையில் கூடுவார்கள், மாலைக்குள் முடிவெடுத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை ஒரே மாதத்தில் தாயையும், தன் அறையையும், பெயர் சொல்லிக் கூப்பிடும் கடைக்காரரையும் சேர்த்து இழக்கும். பிறகு "முரட்டுத்தனம் வந்துவிட்டது" என்று மருந்து கேட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுவருவார்கள்.

நீங்கள் நடமாடும்போதே தொடங்குங்கள். மாதத்தில் ஓர் இரவு நீங்கள் உங்கள் சகோதரி வீட்டுக்குப் போங்கள். மகன் தன் வீட்டிலேயே ஒரு துணையாளரோடு இருக்கட்டும். அவரை அனுப்பக் கூடாது, நீங்கள் போக வேண்டும். பிறகு இரண்டு இரவு, பிறகு ஒரு வாரம். முதல் இரவு உங்களுக்குத்தான் தூக்கம் வராது.

இன்னொன்று. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைரொயிட் குறைபாடு அதிகம் வரும். மறதி நோயும் மற்றவர்களைவிட முன்னதாக, நாற்பது ஐம்பதுகளிலேயே தொடங்கக்கூடும். இன்று அவர் தானாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதித் திகதி போட்டு வையுங்கள். பின்னர் ஏதாவது குறைந்தால் வைத்தியரிடம் காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது.

கிண்ணியாவிலிருந்து ஒரு துணையாளர்: ஒரு வேலையை நான் செய்தால் பத்து நிமிடம், நான் துணையிருப்பவரையே செய்யவிட்டால் ஒரு மணிநேரம். வீட்டாரும் "சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறாள்" என்கிறார்கள். என்ன செய்வது?

தங்கச்சி, எனக்குத் தொழில் பழக்கிய மூத்த அக்கா, சமையலறைக்குள் நுழைந்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டச் சொல்வார். கோபமாக இருக்கும். ஆனால் கை முன்னால் இருந்தால் அது தானாகவே கோப்பையை எடுத்துவிடும்.

ஆலங்கேணியில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் தேநீர் போடப் பழகியதைச் சொல்கிறேன். முதல் வாரம் எல்லாவற்றையும் நானே செய்து, சீனியைப் போட்டுக் கலக்குவதை மட்டும் அவரிடம் விட்டேன். கடைசி வேலை அவருடையது, ஆகவே தேநீர் அவர் போட்டதாகிவிடும். பிறகு வடிப்பது, பிறகு தேயிலை அளப்பது என்று பின்னாலிருந்து முன்னால் வந்தோம். தண்ணீர் அளவு பிடிபடவில்லை. மின் கேத்தலின் உள்ளே சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன், பிடிபட்டது. நான்காவது மாதம் ஒரு நாள் அவர் தனியாகவே போட்ட தேநீரைத் தம்பியிடம் நீட்டினார். மூன்று கரண்டி சீனி, பாதி ஆறியிருந்தது. அண்ணன் கையால் அதுவரை எதுவும் வாங்கியறியாத தம்பி, நின்றபடியே குடித்து முடித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னை யாரும் சும்மா நிற்கிறாள் என்று சொல்லவில்லை.

உங்கள் வீட்டாரிடம் ஒரே ஒரு வேலையை மட்டும் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பழக்க முயன்றால் நீங்களும் களைத்துவிடுவீர்கள், அவரும் களைத்துவிடுவார்.

மூதூரிலிருந்து ஒரு சகோதரர்: அரசாங்கத்திடமிருந்து என்ன கிடைக்கும்?

மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாந்தக் கொடுப்பனவு இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வைத்திய அறிக்கை, அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன; நீங்கள் மூதூருக்குத்தான் போக வேண்டும், திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்கு வந்து ஒரு நாளை வீணாக்காதீர்கள். அரச வேலைகளில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988 முதல் இருக்கிறது. தகுதி இருந்தால் அதைச் சொல்லியே விண்ணப்பியுங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 19ஆம் உறுப்புரை, எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவரே தெரிவுசெய்யலாம் என்கிறது. ஆனால் துணையாளருக்கு மணிக்கணக்கில் அரசே பணம் கொடுக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. சுவீடனில் அதற்கு 1994 முதல் சட்டமே இருக்கிறது. நாம் செய்யக்கூடியது, ஒரே தெருவிலுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு துணையாளரை வைத்துக்கொள்வது. காலை ஒரு வீடு, பகல் ஒரு வீடு. இது நடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

பாலையூற்றிலிருந்து: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆறு பேரை வைத்துப் பராமரிக்க நினைக்கிறோம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆறு என்பதைக் குறையுங்கள். சென்னையில் 1993 இல் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பு, மனநோயிலிருந்து மீண்டவர்களைச் சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் நான்கைந்து பேராகத்தான் குடியமர்த்துகிறது. என்னைக் கேட்டால் மூன்று போதும். அந்த மூவரும் ஒருவரையொருவர் விரும்பித் தெரிவுசெய்தவர்களா என்பது எண்ணிக்கையைவிட முக்கியம்.

வாடகை ஒப்பந்தம் முடிந்தவரை குடியிருப்பவரின் பெயரில் இருக்கட்டும், உங்கள் குழுவின் பெயரில் வேண்டாம். வீடும் துணையும் ஒரே கையில் இருந்தால், துணையாளர் சரியில்லை என்று முறையிட அவர் பயப்படுவார். வாயைத் திறந்தால் கூரை போய்விடும் அல்லவா? முன்கதவின் சாவி ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். நீங்கள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். துணையாளர் எழுதும் பதிவேட்டை அவருடைய சாப்பாட்டு மேசையில் விரித்து வைக்காதீர்கள். ஒரு வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் நான் பார்ப்பது குளிர்சாதனப் பெட்டியைத்தான். அதில் பூட்டுத் தொங்கினால், சுவரில் என்ன வாசகம் எழுதியிருந்தாலும் அது விடுதிதான்.

சக்கர நாற்காலி வருமானால் கதவு 32 அங்குலமாவது திறக்க வேண்டும். சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி நீளம். மேசன்மார் "ஆறடி போதும்" என்பார்கள். அவர்களையே நாற்காலியில் உட்காரவைத்து ஏறச் சொல்லுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: தங்கைக்கு வலிப்பு. கிணற்றடிக்குப் போக விடுவதில்லை. அவள் அழுகிறாள்.

கிணற்றடியில் பெரிய ஆபத்து, கிணற்றில் அள்ளுவதுதான். நீங்கள் அள்ளி வாளியில் நிரப்பிக் கொடுங்கள், சற்றுத் தள்ளி இருந்து அவர் குளிக்கட்டும், கூப்பிடு தூரத்தில் ஒரு பெண் இருக்கட்டும். உள்ளே குளித்தால் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, கதவில் "ஆள் உண்டு" என்று ஓர் அட்டை தொங்கவிடுங்கள்.

வலிப்பு வந்தால் நேரத்தைப் பாருங்கள், தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி வேண்டாம். கையில் இரும்புச் சாவியும் வேண்டாம். வலிப்பு தானாக நிற்கிற நேரத்தில்தான் எப்போதும் சாவி வந்து சேருகிறது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: வீட்டை மூத்த மகன் பெயருக்கு எழுதி, இளையவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா?

ஐயா, மூத்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு மனைவி, பிள்ளைகள், வெளிநாட்டு விசா எல்லாம் இருக்கும். வாய்ச்சொல்லை நம்பி எழுதிக் கொடுத்த ஒரு வீடு மூன்றாண்டில் விற்கப்பட்டதைப் பார்த்தேன். 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வீட்டை நம்பிக்கைப் பொறுப்பில், அதாவது மகளின் நன்மைக்காகப் பொறுப்பாளர்கள் வைத்திருக்கும் ஏற்பாட்டில், வைக்க முடியுமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். பொறுப்பாளர்கள் இரண்டு பேராக, ஒருவர் குடும்பத்துக்கு வெளியே இருந்தால் நல்லது. ஆசிரியராக இருந்தவர் என்பதால், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் மகளுக்குத் தொடருமா என்பதையும் பிரதேச செயலக ஓய்வூதியக் கிளையில் இப்போதே விசாரித்து, அவருடைய நிலையைப் பதிவுசெய்து வையுங்கள்.

நிலாவெளியிலிருந்து: மகளுக்கு 29. கைத்தொலைபேசி கேட்கிறாள். யாரோடோ பேசுவாள் என்று பயம்.

பேசத்தான் கேட்கிறார். வாங்கிக் கொடுங்கள், பணம் கேட்பவருக்கும் படம் கேட்பவருக்கும் என்ன பதில் சொல்வது என்பதை நாலைந்து தடவை நடித்துக் காட்டிப் பழக்குங்கள்.

அன்புவழிபுரத்திலிருந்து: தம்பி வெள்ளிக்கிழமைகளில் கோணேஸ்வரத்துக்குத் தனியாகப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். விடலாமா?

விடலாம், படிப்படியாக. முதல் மூன்று வெள்ளி கூடவே போங்கள். அடுத்த மூன்று வெள்ளி இருபதடி பின்னால் போங்கள். பிறகு கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டை வாசலில் நின்றுகொள்ளுங்கள், அவர் மேலே ஏறித் திரும்பட்டும். சட்டைப் பையில் பெயரும் உங்கள் இலக்கமும் எழுதிய அட்டை இருக்கட்டும். செருப்பு வைக்குமிடத்தில் இருப்பவருக்கும் ஒரு பூக்கடைக்காரருக்கும் முகம் பழக்கமாகட்டும். அவர்கள் உங்களைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள். இராவணன் வெட்டு என்ற செங்குத்துப் பாறைப் பிளவின் பக்கம் எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பதை அவரோடு சேர்ந்து நின்று காட்டுங்கள். வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள், கோட்டைக்குள் மான்கள் பறித்துவிடும். சென்ற வருடம் என்னிடமே பறித்தன.