பழைய 70-200 லென்ஸை நம்பி வாங்கலாமா?

கேள்வி: புது 70-200 எஃப்/2.8 (தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும், வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் ஜூம் லென்ஸ்) வாங்க வசதியில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ஏமாந்துவிடுவேனா?

தாராளமாக வாங்குங்கள். நீங்களும் என்னைப் போலக் கல்யாண ஆர்டரை நம்பிப் பிழைப்பவர் என்று நினைத்துச் சொல்கிறேன். ராயபுரத்தில் என் தொழில் இன்றைக்கும் ஓடுவது ஒரு பழைய கேனான் 70-200-ல்தான்.

நம் பக்கம் கடற்காற்று. அதனால் முதலில் பங்கஸ், அதாவது லென்ஸுக்குள் படரும் பூஞ்சை, இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு முதலில் ஒருவர் காட்டிய லென்ஸ் வெளியே பளபளவென்று இருந்தது. பின்மூடியைக் கழற்றி, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பார்த்தேன். உள் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டடை மாதிரி மெல்லிய இழைகள். "தூசி சார், துடைச்சா போயிடும்" என்றார். தூசி புள்ளியாக நிற்கும், கிளை விட்டுப் படராது. பங்கஸ் கண்ணாடி மேலிருக்கும் கோட்டிங்கை அரித்துவிட்டால் சர்வீஸுக்குக் கொடுத்தாலும் தடம் போகாது. எதிர்வெளிச்சத்தில் படம் வெளிறும். கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அப்புறம் பெரம்பூரில் ஸ்டுடியோவை மூடிக்கொண்டிருந்த ஒரு அண்ணன். தன் 70-200-ஐ, ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான டிரை கேபினட்டில் 45 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்தார். "தப்பா நெனைக்காதீங்கண்ணே" என்று சொல்லி, அங்கேயும் டார்ச் அடித்தேன். "நல்லா பாருப்பா, நானா இருந்தாலும் பாப்பேன்" என்றார். அவர் வீட்டு செங்கல் சுவருக்கு நேராக டிரைபாடில் நிறுத்தி, எஃப்/2.8-ல், அதாவது லென்ஸை முழுசாகத் திறந்து, படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி அச்சு விலகியிருக்கலாம். இதில் நான்கும் ஒரே மாதிரி இருந்தன. படம் பதியும் பெரிய சென்சார் உள்ள ஃபுல் பிரேம் கேமரா பாடியையும் சேர்த்தே கொடுத்தார். வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எஃப்/22-ல், அதாவது திறப்பை நன்றாகச் சுருக்கி, எடுத்தால் சென்சார் அழுக்கு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தூசி என்றால் சுத்தம் செய்யலாம், கீறல் என்றால் வாங்காதீர்கள். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரையும் லென்ஸோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணினேன்.

வாரன்டி இல்லாமல் வாங்குவது முட்டாள்தனம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வசதி இருப்பவர்கள் புதுசே வாங்கட்டும், அதுவும் நியாயம்தான். புதுசுக்குத் தவணை கட்டியே ஒரு முகூர்த்த சீசன் போய்விடும் என்பது எங்கள் கணக்கு.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் பெரிய லென்ஸோடு காசிமேட்டுக்கு வருபவர்களே, மீன் ஏலத்தில் நிற்கும் பெண்களின் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள். என் அத்தை அங்கேதான் கூடையோடு நிற்கிறார். அவருக்கு அது வேலை நேரம். கேட்டால் அவரே நின்று போஸ் கொடுப்பார்.