மொபைல் டவர் ரூமில் எஸ்பிடி (மின்னல் சர்ஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) இருந்தும் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக மாற்றும் கருவி) எரிகிறது. 40 கேஏவுக்கு (கிலோ ஆம்பியர்) பதில் 100 கேஏ மாட்டினால் தீருமா?

தீராது. புதிதாக வாங்கும் முன், இப்போது இருக்கும் எஸ்பிடிக்குப் போகும் வயரை டேப் வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் எந்த வயருக்கும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அது பொருட்டே இல்லை. எஸ்பிடி சோதனைக்கு எடுக்கும் 8/20 சர்ஜ் (திடீர் மின் எழுச்சி) 8 மைக்ரோ செகண்டில் உச்சிக்கு ஏறுவதால், 10 கிலோ ஆம்பியர் பாய்ந்தால் மீட்டருக்குச் சுமார் 1,250 வோல்ட் வயரிலேயே உண்டாகிறது. பேஸ் பக்கம் அரை மீட்டர், எர்த் பக்கம் ஒரு மீட்டர் என்றால் 1.9 கிலோ வோல்ட். எஸ்பிடி தன் பங்குக்கு 1.5இல் நிறுத்தினாலும், ரெக்டிஃபையருக்குப் போய்ச் சேர்வது 3.4. சாதாரண 230 வோல்ட் கருவி தாங்குவதோ 2.5 கிலோ வோல்ட்தான். 100 கேஏ மாட்டினால் எஸ்பிடி நீண்ட நாள் உழைக்கும். வயரில் வரும் 1.9 அப்படியேதான் இருக்கும்.

இரு பக்க வயரும் சேர்ந்து அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. டிபியில் (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) இடமில்லை என்றால் பேஸ் வயரை எஸ்பிடி டெர்மினலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்தே லோடுக்கு எடுங்கள் (டெர்மினல் லோடு கரண்டைத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு). எர்த்துக்கு எஸ்பிடி ஓரமாகவே சின்ன எர்த் பார் வைத்து, ரெக்டிஃபையர் பாடி எர்த்தையும் அதிலேயே கட்டுங்கள். எர்த் வயர் டைப் 2 எஸ்பிடிக்கு (சாதாரண சர்ஜுக்கானது) குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, டைப் 1க்கு (நேரடி மின்னலுக்கானது) 16. மீந்த வயரை வெட்டிவிடுங்கள், சுருட்டி வைக்காதீர்கள்.

"சுத்தமான எர்த்" என்று கருவிக்குத் தனிக் குழி வெட்டி, டவர் எர்த்தோடு சேர்க்காமல் விடுவது இதைவிட ஆபத்து. டவரில் இடி இறங்கும் நேரத்தில் இரண்டு குழிக்கும் நடுவே கிலோ வோல்ட் கணக்கில் வித்தியாசம் வரும். அது டேட்டா கேபிள் வழியே போர்ட்டைக் கொன்றுவிடும். எல்லா எர்த்தையும் பிணைத்தே ஆக வேண்டும். டவர் உச்சியில் உள்ள ரேடியோவுக்குப் போகும் மைனஸ் 48 வோல்ட் கேபிளுக்கு மேலும் கீழும் டிசி எஸ்பிடி தேவை.

எஸ்பிடியே கருகிக் கிடந்தால் மின்னலுக்கு முன் நியூட்ரலைச் சந்தேகப்படுங்கள். நியூட்ரல் அறுந்தால் 230 இருந்த இடத்தில் 400 வரை ஏறி, நிமிடக்கணக்கில் நிற்கும். எஸ்பிடிக்குள் மைக்ரோ செகண்டுக்கென்று செய்த எம்ஓவி (சர்ஜை வாங்கும் பாகம்) அதில் வெந்துபோகும். அதற்கு ஓவர் வோல்டேஜ் ரிலேயும் காண்டாக்டரும் தனியாக வேண்டும்.

மெகர் (இன்சுலேஷன் சோதனை) போடும்போது மட்டும் எஸ்பிடியின் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ரீடிங் தப்பாக வரும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பச் செருகி, அதில் நிலை காட்டும் ஜன்னல் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள்.