பரணில் கிடந்த ஜிபிஎஸ் பெட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: கார் கண்ணாடியில் ஒட்டி வைக்கும் பழைய ஜிபிஎஸ் கருவி ஒன்று பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. பத்து வருடமாக யாரும் தொடவில்லை. சார்ஜ் போட்டால் திரை வருகிறது, ஆனால் அரை மணி நேரம் ஆகியும் 'செயற்கைக்கோளைத் தேடுகிறது' என்றே நிற்கிறது. உயிர் போய்விட்டதா?

பதில்: வீட்டுக்குள் வைத்துத்தானே பார்த்தீர்கள்? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுவேன், ஏனென்றால் நானும் அதையேதான் செய்தேன். ஜன்னலோரம் வைத்து இருபது நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு, சரி, குப்பைக்குத்தான் என்று முடிவு கட்டி, அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று வெட்டவெளிக்குக் கொண்டுபோனேன். கால் மணி நேரத்தில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

போனில் சட்டென்று இடம் தெரிவதால் நமக்குப் பொறுமை போய்விட்டது. போனுக்கு எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது என்ற விவரம் இணையம் வழியாக வந்துவிடுகிறது. உங்கள் பெட்டிக்கு அந்த வசதி இல்லை, எல்லாவற்றையும் வானத்திலிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அங்கிருந்து வருவதோ நொடிக்கு 50 பிட். ஒரு செயற்கைக்கோள் தன்னுடைய துல்லியமான பாதையைச் சொல்லி முடிக்க 30 நொடி. கூட்டத்தில் உள்ள மற்ற எல்லாச் செயற்கைக்கோள்களின் உத்தேச அட்டவணையும் முழுதாக வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம். நடுவில் ஒரு மரக்கிளையோ உங்கள் கையோ மறைத்தால் விட்டுப்போன துண்டுக்காக அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, அதன் நினைவில் இருப்பது பத்து வருடத்துக்கு முந்தைய அட்டவணை. அதை நம்பித் தலைக்கு மேல் இல்லாத செயற்கைக்கோளையெல்லாம் தேடிக்கொண்டிருக்கும்.

ஆகவே திறந்த வானத்தின் கீழ், சார்ஜரிலோ பவர் பேங்க்கிலோ செருகி, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், அது இன்னும் குழம்பும். அப்படியும் வரவில்லை என்றால் அமைப்புகளில் உள்ள 'ரீசெட்' கொடுத்துப் பழைய அட்டவணையை மறக்கச் செய்து மறுபடி முயலுங்கள்; சேமித்து வைத்த இடங்களும் அதோடு அழிந்துபோகலாம். இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: பின்பக்க மூடி கொஞ்சமாவது புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புடைத்திருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம், சார்ஜ் போடுவதை அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: என்னுடைய பழைய கருவி நான் நிற்கும் இடத்தைச் சரியாகக் காட்டுகிறது, ஆனால் தேதி மட்டும் ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் இருக்கிறது. கையால் மாற்றவும் விட மாட்டேன் என்கிறது. ஏன்?

பதில்: கருவி காட்டும் தேதியோடு 7,168 நாள் கூட்டிப் பாருங்கள். இன்றைய தேதி வந்தால் காரணம் இதுதான்.

ஜிபிஎஸ் தன் காலத்தை வாரக் கணக்கில் சொல்கிறது, முதல் வாரம் 1980 ஜனவரி 6 அன்று தொடங்கியது. வார எண்ணுக்கு அன்று ஒதுக்கிய இடம் பத்தே பிட், அதாவது 0 முதல் 1023 வரை. பழைய கார்களின் கிலோமீட்டர் மீட்டர் எல்லா ஒன்பதும் முடிந்ததும் சுழியத்துக்குத் திரும்புமே, அதே கதை. 1999 ஆகஸ்டில் ஒருமுறை திரும்பியது, 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் இரண்டாவது முறை. மூன்றாவது 2038 நவம்பரில். இது எத்தனையாவது சுற்று என்பதைக் கருவியின் உள்மென்பொருள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். சில கருவிகள் தாம் தயாரான தேதியிலிருந்து 1024 வாரம் எண்ணுவதால், இந்தத் தேதிகளில் இல்லாமல் வேறு ஏதோ ஒரு நாளில் திடீரென்று பின்னால் போய்விழும்.

இடம் எப்படிச் சரியாக வருகிறது என்றால், அந்தக் கணக்குக்கு வாரத்துக்குள் எத்தனையாவது நொடி என்பது தெரிந்தால் பெரும்பாலும் போதும், எந்த வருடம் என்பது தேவைப்படாது. ஆனால் பக்க விளைவுகள் உண்டு. 19 வருடம் ஏழரை மாதம் பின்னால் போவதால் மாதமும் மாறுகிறது இல்லையா, சூரியன் மறையும் நேரத்தை வைத்துத் திரையை இரவு நிறத்துக்கு மாற்றும் கருவி என்றால் அது கொஞ்சம் முன்பின்னாக மாறும். தயாரிப்பாளர் புதிய உள்மென்பொருள் கொடுத்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், பயணப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றிய பிறகு அந்த 7,168 நாளைக் கூட்டிக்கொண்டு காலம் தள்ளலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: உள்ளே இருக்கும் வரைபடம் அரதப் பழசு. நிறுவனம் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டது. வேறு வழி?

பதில்: கருவியைப் பொறுத்தது. கார்மின் நிறுவனத்துடையது என்றால் வேலை சுலபம். 2004-இல் தொடங்கி, தன்னார்வலர்கள் இன்றுவரை வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைக் கார்மினுக்கு ஏற்ற ஐஎம்ஜி கோப்பாக மாற்றி இலவசமாகத் தருகிறார்கள். மெமரி கார்டில் ஆங்கிலத்தில் கார்மின் என்று பெயரிட்ட ஃபோல்டருக்குள் போட்டால் பெரும்பாலான மாடல்கள் எடுத்துக்கொள்ளும். உலகம் முழுவதையும் இறக்காமல் உங்களுக்குத் தேவையான பகுதியை மட்டும் எடுங்கள், பழைய கார்டு முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ரொம்பப் பழைய கருவியாக இருந்தால் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டையே படிக்காது, அதற்குமேல் உள்ள எஸ்டிஎச்சி வகை 2006-இல்தான் வந்தது. தமிழில் ஊர்ப்பெயர் உள்ள வரைபடம் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்களாகத் தெரியும்.

விண்டோஸ் சிஇ என்ற, சிறு கருவிகளுக்கான இயங்குதளத்தில் ஓடும் கருவிகள் வேறு ரகம். வழிகாட்டும் மென்பொருளுக்கு அடியில் ஒரு குட்டிக் கணினியே ஒளிந்திருக்கும், அதைத் திறந்து வேறு நிரல்களை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எதைச் செய்தாலும் முதலில் உள்நினைவில் உள்ள அத்தனையையும், மறைத்து வைத்த கோப்புகள் உட்பட, கணினியில் நகல் எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை சோம்பேறித்தனத்தில் எடுக்காமல் விட்டேன், குரல் கோப்புகள் அழிந்துபோய் அந்தக் கருவி அன்றிலிருந்து ஊமை.

கேள்வி: வழி காட்டப் போன் இருக்கிறது. இந்தக் கருவியை வைத்து என் மகளுக்கு ஏதாவது சோதனை செய்து காட்ட முடியுமா?

பதில்: இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. வரைபடத் திரையை மறந்துவிட்டு, அட்சரேகை தீர்க்கரேகை எண்கள் தெரியும் பக்கத்துக்குப் போங்கள். வரைபடத்தில் நம் அம்புக்குறியை அருகிலுள்ள சாலைக்கு இழுத்து ஒட்டவைக்கிற பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு, சோதனைக்கு அது உதவாது.

அட்சரேகையில் ஒரு கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்பது சுமார் 1,852 மீட்டர். அப்படியென்றால் கலையின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் கிட்டத்தட்ட 1.85 மீட்டர். வடக்கு நோக்கி நூறு மீட்டர் போகச் சொல்லுங்கள், கடைசி இலக்கங்கள் 54 அளவுக்குக் கூட வேண்டும் (பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தால் குறையும்). இதை மகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தால் பூமியின் சுற்றளவும் அவள் கையில்: 360 பாகை, பாகைக்கு 60 கலை, கலைக்கு 1,852 மீட்டர், மூன்றையும் பெருக்கினால் சுமார் நாற்பதாயிரம் கிலோமீட்டர். காருக்கென்று செய்த சில கருவிகள் நடை வேகத்தில் இடத்தை அப்படியே உறையவைத்துவிடும், சிக்னலில் நிற்கும் கார் தானாக ஊர்வது போலத் தெரியக்கூடாது என்பதற்காக. எண் நகரவில்லை என்றால் சைக்கிளில் போகட்டும்.

இன்னொன்று, கருவியை ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைக் குறித்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வையுங்கள். நகராத பொருள் சில மீட்டர் வட்டத்துக்குள் அலைவது தெரியும். 2000 மே மாதத்துக்கு முன் இதைச் செய்திருந்தால் வட்டம் நூறு மீட்டர் வரை போயிருக்கும், அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்துவந்த காலம் அது. உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அது இன்னும் அதிகமாக ஆடும். ஏன் என்று மகளிடமே கேளுங்கள். குறிப்பு வேண்டுமானால், செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே இருப்பவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது.

கேள்வி: சிம் இல்லாமல் இது எப்படி வேலை செய்கிறது? நான் எங்கே இருக்கிறேன் என்று யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களா?

பதில்: மாட்டார்கள். உங்கள் கருவி வானொலிப் பெட்டி மாதிரி, கேட்கும், பேசாது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. ஆனால் போன இடமெல்லாம் கருவிக்குள் பதிவாகி இருக்கலாம், யாருக்காவது கொடுப்பதற்கு முன் 'வீடு' என்று சேமித்திருப்பதை அழித்துவிடுங்கள்.